உயிரணு உண்பதும் உமிழ்வதும்

நம் உடலில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி உயிரணுக்கள் இருப்பதாக அறிவியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கண்ணுக்குப் புலப்படாத இந்த உயிரணுக்கள் ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியதை உள்ளே எடுத்துக்கொள்கிறது. கழிவையும், பிற உறுப்புகளுக்குத் தேவையான பொருள்களையும் வெளியே அனுப்புகிறது. அதற்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. அப்படியிருக்க, உண்பதும் உமிழ்வதும் எவ்வாறு நடைபெறுகின்றன? மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், நான் படித்தும் நுண்ணோக்கியில் பார்த்தும் அறிந்தவற்றை இம்மலரின் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இதை எழுதத் தூண்டியது ஒரு மூதாட்டியார் கேட்ட கேள்வி. இலவச மருத்துவப் பரிசோதனை முகாம் ஒன்றில் இரத்தக் கொழுப்பைப் பற்றிப் பேசி முடித்திருந்தேன். அந்த அம்மையார் எழுந்து, “ஐயா, நான் தேங்காய்ப் பாலை நிறுத்திவிட்டேன், நெய்யை நிறுத்திவிட்டேன், முட்டையின் மஞ்சள் கருவைத் தொடுவதே இல்லை. இருந்தும் கொலஸ்ட்ரால் குறையவில்லையே! அது இரத்தத்தை விட்டு எந்த வழியாகத்தான் வெளியே போகிறது?” என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி. அதற்கு விடை உயிரணுவின் சவ்வில் இருக்கிறது.

ஒவ்வோர் உயிரணுவையும் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக அடுக்கப்பட்ட அந்தச் சவ்வின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரின் இலட்சத்தில் ஒரு பங்கு கூட இல்லை. பிராணவாயு போன்ற சிறிய மூலக்கூறுகள் இதனூடே தாமாகவே சென்றுவிடும். நீருக்கும் சர்க்கரைக்கும் உப்புகளுக்கும் புரதத்தாலான தனித்தனி வாயில்கள் உண்டு. சிக்கல் எங்கே வருகிறதென்றால், பெரிய பொருள்களில்தான். ஒரு நோய்க்கிருமியையோ, கொழுப்புத் துகளையோ உள்ளே கொண்டுவர அந்தச் சிறு வாயில்கள் போதா. அப்போது உயிரணு வேறொரு வழியைக் கையாளுகிறது. தன் சவ்வையே குழிவாக வளைத்து, பொருளைச் சுற்றி மூடி, ஒரு குமிழியாக உள்ளே கிள்ளி எடுத்துக்கொள்கிறது. வெளியேற்ற வேண்டுமானால் இதே செயல் தலைகீழாக நடைபெறும். உள்ளிருந்து வரும் குமிழி சவ்வோடு ஒட்டி ஒன்றாகிறது; உள்ளே இருந்த பொருள் வெளியே கொட்டப்படுகிறது. இரசத்தின்மேல் மிதக்கும் இரண்டு எண்ணெய்த் துளிகள் கரண்டி பட்டதும் ஒன்றாகச் சேர்வதைத் தாய்மார்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். ஏறக்குறைய அதுபோலத்தான். ஆனால் உயிரணுவில் அது தற்செயலாக நடப்பதில்லை; ஒவ்வொரு சேர்க்கைக்கும் காவலும் கணக்கும் உண்டு.

உயிரணு “உண்ணும்” காட்சியை மருத்துவ உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் எலி மெச்னிக்கோவ் என்னும் உருசிய விலங்கியலாளர். 1882-ஆம் ஆண்டு இத்தாலியின் சிசிலித் தீவில் மெசினா நகரில் தங்கியிருந்தபோது, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சுகளை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். குடும்பத்தார் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த ஒரு நாளில், அக்குஞ்சுகளின் உடலில் ஒரு சிறு முள்ளைக் குத்திவைத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தோன்றியது. குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், நகரும் உயிரணுக்கள் கூட்டமாக வந்து முள்ளை முற்றுகையிட்டிருந்தன! உடலுக்குள் நுழையும் அந்நியப் பொருளை விழுங்கி அழிப்பதற்கென்றே உயிரணுக்கள் இருக்கின்றன என்ற முடிவுக்கு அவர் வந்தார். பலர் நம்ப மறுத்தார்கள். 1908-ஆம் ஆண்டு பால் எர்லிக் என்ற அறிஞருடன் இணைத்து அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இக்காட்சியின் அடையாளங்களை நானே பலமுறை கண்டிருக்கிறேன். மலேரியா கண்ட நோயாளியின் இரத்தத்தைக் கண்ணாடித் தட்டில் பூசி, சாயமேற்றிப் பார்க்கும்போது, சில வெள்ளையணுக்களின் உள்ளே பழுப்பும் கருமையுமான துகள்கள் தெரியும். மலேரியா கிருமி சிவப்பணுவைத் தின்றுவிட்டு விட்டுச் செல்லும் எச்சம் அது. வெள்ளையணு அதை விழுங்கிச் சுமந்துகொண்டிருக்கும். கிருமியே கண்ணில் படாத தட்டிலும் இந்தத் துகள்களைப் பார்த்துவிட்டால், இன்னொரு முறை கவனமாகத் தேடுவோம்.

விழுங்கும் உயிரணுக்களின் வேலை கிருமிகளோடு முடிவதில்லை. நம் சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். முதுமையடைந்த சிவப்பணுக்கள் ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடி என்ற அளவில் மண்ணீரலிலும் கல்லீரலிலும் விழுங்கப்படுகின்றன; அவற்றிலுள்ள இரும்புச் சத்து மீட்கப்பட்டுப் புதிய அணுக்களுக்குப் போகிறது. நாம் உண்ணும் கீரையிலிருந்து கிடைக்கும் இரும்பைவிட இப்படி வீட்டுக்குள்ளேயே மீட்கப்படும் இரும்பு பன்மடங்கு அதிகம்.

விழுங்கிய பொருள் என்ன ஆகிறது? அந்தக் குமிழி, லைசோசோம் எனப்படும் மற்றொரு பையோடு சேர்கிறது. அதனுள்ளே அமிலமும் செரிப்பு நொதிகளும் நிறைந்திருக்கும். உயிரணுவின் இரைப்பை என்றே சொல்லலாம். 1955-இல் இதைக் கண்டறிந்தவர் பெல்ஜிய நாட்டு அறிஞர் கிறிஸ்டியன் டி டூவ். அவருக்கு 1974-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மற்றொரு வியப்பையும் சொல்ல வேண்டும். ஒரு குமிழியை உள்ளே எடுக்கும்போதெல்லாம் உயிரணு தன் தோலில் ஒரு துண்டையும் சேர்த்து விழுங்குகிறது. விழுங்கும் வெள்ளையணு ஒன்று அரை மணி நேரத்தில் தன் மேற்பரப்பின் அளவுக்குச் சமமான சவ்வை உள்ளே இழுத்துவிடுகிறது. அவ்வாறே போனால் அது சுருங்கி மறைந்துபோக வேண்டும். மறையாததற்குக் காரணம், உள்ளே போன சவ்வு மறுபடியும் குமிழிகளாக மேற்பரப்புக்கு வந்து சேர்வதுதான். வரவும் செலவும் ஒத்துப்போகின்றன.

இப்போது அந்த அம்மையாரின் கேள்விக்கு வருவோம். விடை தேடும் பாதை, எதிர்பாராத வகையில், ஒரு கொசுவிடமிருந்து தொடங்குகிறது.

1964-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தாமஸ் ரோத், கீத் போர்ட்டர் என்ற இருவர், இரத்தம் குடித்த ஏடிஸ் கொசுவின் முட்டையணுவை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நமக்கு டிங்கிக் காய்ச்சலைக் கொண்டுவரும் அதே ஏடிஸ்தான். இரத்தம் குடித்ததும் முட்டைக்குத் தேவையான மஞ்சள் கருப் புரதம் அங்கே வேகமாகச் சேர வேண்டும். முட்டையணுவின் சவ்வெங்கும் சிறு சிறு குழிகள் தோன்றியிருந்தன. அக்குழிகளின் உட்புறத்தில் முள்முள்ளாக ஏதோ பூச்சு இருந்தது. அப்பூச்சு கிளாத்ரின் என்னும் புரதம் என்பதைப் பின்னர் 1970களில் இங்கிலாந்தில் பார்பரா பியர்ஸ் என்ற பெண்மணி பிரித்தெடுத்துக் காட்டினார். இப்புரதம் ஐங்கோணங்களும் அறுகோணங்களுமாகப் பின்னிக்கொண்டு, சவ்வைக் குழியாக வளைத்துக் குமிழியாக்குகிறது. அந்தக் கூண்டின் படத்தைப் பார்த்தவுடன், நம் ஊர்ப் பிள்ளைகள் காலால் உதைத்தாடும் செப்பாக் தக்ரோ பிரம்புப் பந்துதான் என் நினைவுக்கு வந்தது. அத்தனை ஒற்றுமை.

(டிங்கிக் கிருமியும் நம் உயிரணுக்களுக்குள் பெரும்பாலும் இதே குழிகளின் வழியாகத்தான் நுழைகிறது. உணவென்று எண்ணி உயிரணு அதை உள்ளே எடுக்கிறது. குமிழிக்குள் அமிலம் ஏறியதும் கிருமியின் உறை உருமாறி, குமிழியின் சவ்வோடு ஒட்டிக்கொண்டு, தன் மரபுப் பொருளை உள்ளே விட்டுவிடுகிறது. பெருகிய கிருமிகள் வெளியேறுவதும் உயிரணுவின் சொந்த ஏற்றுமதிப் பாதை வழியாகத்தான். திருடன் நம் வீட்டுச் சாவியைக் கொண்டே வந்து போகிறான்.)

1960களின் இறுதியில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரு இளம் மருத்துவர்கள், பள்ளிப் பருவத்திலேயே இதய நோய்க்கு ஆளான பிள்ளைகளைப் பார்க்க நேர்ந்தது. அப்பிள்ளைகளின் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் சாதாரண அளவைப் போல் பல மடங்கு இருந்தது. உணவுக் கட்டுப்பாட்டால் பயனில்லை. பரம்பரையாக வரும் நோய் என்பது மட்டும் தெரிந்திருந்தது. 1972 முதல் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் இருவரும் சேர்ந்து ஆராயத் தொடங்கினர். நல்ல உடல்நிலை கொண்டவரின் தோல் உயிரணுக்களையும் நோயாளியின் தோல் உயிரணுக்களையும் தனித்தனிக் கிண்ணங்களில் வளர்த்து, இரண்டுக்கும் கொலஸ்ட்ரால் துகள்களைக் கொடுத்தார்கள். நலமானவரின் உயிரணுக்கள் துகளைப் பற்றி உள்ளே இழுத்துக்கொண்டன. நோயாளியின் உயிரணுக்கள் அதைத் தொடவே இல்லை.

இங்கே துகள் என்பது என்ன என்று சொல்ல வேண்டும். கொலஸ்ட்ரால் நீரில் கரையாது. ஆகவே இரத்தத்தில் அது தனியாகப் பயணம் செய்வதில்லை. சுமார் 1,500 கொலஸ்ட்ரால் மூலக்கூறுகள் ஒரு சிறு உருண்டையாகப் பொதியப்பட்டு, மேலே ஒரு பெரிய புரதம் சுற்றிக் கட்டப்பட்டிருக்கும். இரத்தப் பரிசோதனைச் சீட்டில் எல்டிஎல் என்று அச்சிட்டிருப்பது இந்த மூட்டைகளைத்தான். உயிரணுவின் மேற்பரப்பில் இம்மூட்டையை அடையாளம் கண்டு பிடிப்பதற்கென்றே கைபோன்ற புரதம் ஒன்று உண்டு. அதற்கு ஏற்பி என்று பெயர். ஏற்பிகள் கிளாத்ரின் குழிகளில் கூடி நிற்கின்றன. மூட்டை வந்து பற்றியதும் குழி மூடி உள்ளே போகிறது. உள்ளே அமிலத் தன்மை கூடியதும் ஏற்பி மூட்டையை விட்டுவிட்டு மேற்பரப்புக்குத் திரும்புகிறது; மூட்டை லைசோசோமுக்குப் போய்ப் பிரிக்கப்படுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 10 நிமிடம். ஓர் ஏற்பியின் ஆயுள் சுமார் 20 மணி நேரம். அந்தக் குறுகிய வாழ்நாளில் அது நூற்றுக்கும் மேற்பட்ட முறை சுமை இறக்கிவிட்டுத் திரும்பி வருகிறது.

அப்பிள்ளைகளிடம் இந்த ஏற்பிதான் பழுதாகியிருந்தது. சிலரிடம் ஏற்பியே உருவாகவில்லை. சிலரிடம் ஏற்பி இருந்தும் மூட்டையைப் பிடிக்கவில்லை. ஒரு நோயாளியிடம் ஏற்பி மூட்டையை நன்றாகவே பிடித்தது. ஆனால் குழிக்குள் போய்ச் சேரவில்லை. பின்னாளில் ஆராய்ந்தபோது, 839 அமினோ அமிலங்கள் கோக்கப்பட்ட அந்தப் புரதத்தில் ஒன்றே ஒன்று மாறியிருந்தது தெரியவந்தது. ஒரே ஒரு மணி மாறியதால் கதவு அடைபட்டுப் போயிற்று. இக்கண்டுபிடிப்புகளுக்காக 1985-இல் பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

இந்த ஏற்பிகளில் பெரும்பகுதி கல்லீரலில் இருக்கிறது. அதை ஐயமற நிறுவியது 1984-இல் நடந்த ஓர் அறுவைச் சிகிச்சை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் இந்நோயால் இதயம் கெட்டுப்போன ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இதயத்தோடு கல்லீரலையும் சேர்த்து மாற்றினார்கள். கல்லீரல் மாற்றத்தின் முன்னோடியான தாமஸ் ஸ்டார்செல் அக்குழுவில் இருந்தார். புதிய கல்லீரல் வேலை செய்யத் தொடங்கியதும் சிறுமியின் கொலஸ்ட்ரால் மளமளவென்று இறங்கிற்று. ஆக, இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ரால் எந்த வழியாகப் போகிறது என்றால், கல்லீரல் உயிரணுக்கள் அதை விழுங்குவதால் போகிறது. விழுங்கியதில் ஒரு பகுதியைக் கல்லீரல் பித்த நீராக்கிக் குடலுக்குள் விடுகிறது.

அப்படியானால் உணவைக் குறைத்தும் ஏன் போதிய அளவு இறங்கவில்லை? நம் உடலிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி உடலே உற்பத்தி செய்வது. உணவுக் கட்டுப்பாட்டால் பயன் உண்டு. தேங்காய்ப் பால், நெய் போன்றவற்றிலுள்ள கெட்டிக் கொழுப்பு கல்லீரலின் ஏற்பிகளைக் குறைக்கிறது என்பதால் அந்த அம்மையார் செய்தது சரியே. ஆயினும் ஏற்பிகள் பிறவியிலேயே குறைவாக இருப்பவருக்கு அது மட்டும் போதாது.

இந்த இடத்தில்தான் ஸ்டாட்டின் மாத்திரை வருகிறது. ஜப்பானிய அறிஞர் அக்கிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, 1973-இல் அரிசியில் வளரும் ஒரு நீலப் பூஞ்சையிலிருந்து இவ்வகையின் முதல் மருந்தைக் கண்டெடுத்தார். 2024-இல்தான் அவர் மறைந்தார். இம்மாத்திரை இரத்தக் குழாயில் படிந்த கொழுப்பைக் கரைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது செய்வது வேறு. கல்லீரல் தானே கொலஸ்ட்ராலைத் தயாரிக்கும் வேலையை அது தடுக்கிறது. உள்ளே தட்டுப்பாடு வந்ததும், கல்லீரல் உயிரணு இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்வதற்காக மேலும் பல ஏற்பிகளை மேற்பரப்பில் நிறுத்துகிறது. இரத்தத்தில் மூட்டைகள் குறைகின்றன. மாத்திரையை நிறுத்தினால் தட்டுப்பாடு நீங்கும். சில வாரங்களில் ஏற்பிகளும் பழைய எண்ணிக்கைக்கே போய்விடும். “கொழுப்பு இறங்கிவிட்டது, இனி எதற்கு மாத்திரை?” என்று தாமாகவே நிறுத்திவிட்டவர்களின் இரத்தம் ஆறு மாதம் கழித்து என் மேசைக்கு வந்ததுண்டு. சீட்டில் பழைய எண்ணே இருக்கும். தசை வலி போன்ற தொல்லை இருந்தால் மருத்துவரிடம் சொல்லி மருந்தையோ அளவையோ மாற்றிக்கொள்ளலாம். சிம்வாஸ்டாட்டினை இரவில் சாப்பிடச் சொல்வதற்கும் காரணம் உண்டு. கல்லீரல் கொலஸ்ட்ராலை அதிகமாகத் தயாரிப்பது இரவில்; அம்மருந்தோ உடலில் நெடுநேரம் தங்குவதில்லை.

வேறொரு புரதம், ஏற்பிகளை லைசோசோமுக்கு இழுத்துச் சென்று அழித்துவிடுகிறது என்பது 2003-க்குப் பிறகு தெரியவந்தது. அப்புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2015 முதல் பயன்பாட்டில் உள்ளன.

பரம்பரையாக வரும் இந்நோயின் கடுமையான வகை மிக அரிது. ஆனால் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பழுதான மரபணுவைப் பெற்றவர்கள் ஏறத்தாழ 250 பேருக்கு ஒருவர் இருக்கிறார்கள். ஒரு கல்யாண மண்டபம் நிறைந்தால் அதில் இரண்டொருவர் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு ஏற்பிகளில் பாதிதான் சரியாக வேலை செய்யும். மெலிந்த உடல், நல்ல பழக்கம், எந்தத் தொல்லையும் இல்லை. நாற்பது வயதில் திடீரென்று மாரடைப்பு. தெற்காசிய வழிவந்தவர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற இனத்தாரைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பது ஏற்கெனவே தெரிந்த செய்தி. குதிகால் தசைநாண் தடித்திருப்பது, விரல் கணுக்களில் மஞ்சள் கட்டிகள், இளவயதிலேயே கருவிழியைச் சுற்றி வெண்ணிற வளையம் ஆகியவை அடையாளங்கள். எல்டிஎல் அளவு 4.9 மில்லிமோலுக்கு மேலிருந்து, தகப்பனாரோ சித்தப்பாவோ மாமாவோ ஐம்பது வயதுக்கு முன்பே மாரடைப்பால் தவறியிருந்தால், மருத்துவரிடம் அதை மறவாமல் சொல்லுங்கள். உடன்பிறந்தோரையும் பிள்ளைகளையும் சோதிக்கச் சொல்வார். ஒவ்வொரு பிள்ளைக்கும் இது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. நம் குடும்பங்களில் இத்தகைய மரணங்களை “தலையெழுத்து” என்று சொல்லிப் பேசாமல் விட்டுவிடும் வழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சிறு வயதில் கண்டுபிடித்தால் மருந்து நன்றாகவே வேலை செய்கிறது.

கல்லீரல் விழுங்காமல் விட்ட மூட்டைகள் இரத்தக் குழாயின் சுவருக்குள் புகுந்து கெடுகின்றன. அங்கே மெச்னிக்கோவ் கண்ட அதே விழுங்கும் உயிரணுக்கள் வந்து அவற்றை உண்ணத் தொடங்குகின்றன. கல்லீரல் உயிரணுவுக்குப் போதும் என்ற உணர்வு உண்டு. உள்ளே கொலஸ்ட்ரால் நிறைந்தால் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும். இவற்றின் வேறுவகை ஏற்பிகளுக்கு அந்தக் கணக்கு இல்லை. உண்டு உண்டு நுரைபோல் உப்பி அங்கேயே மடிகின்றன. இதயக் குழாயை அடைக்கும் படிவு இப்படித்தான் உருவாகிறது. நம்மைக் காக்கும் செயலே இங்கே கேடாக முடிகிறது.

உமிழும் பக்கத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். குமிழிகள் சரியான இடத்துக்கு, சரியான நேரத்தில் எப்படிப் போய்ச் சேர்கின்றன என்பதைக் கண்டறிந்த ராண்டி ஷெக்மன், ஜேம்ஸ் ராத்மன், தாமஸ் சூடோஃப் ஆகிய மூவருக்கும் 2013-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஷெக்மன் ஆராய்ந்தது ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டை. குமிழியிலும் சவ்விலும் உள்ள புரதங்கள் சட்டையின் பல்லிணை மூடியைப் போல் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இரண்டையும் இணைக்கின்றன. துருப்பிடித்த ஆணி குத்தினால் தடுப்பூசி போடச் சொல்கிறோமே, அந்த டெட்டனஸ் கிருமியின் நஞ்சு இப்புரதங்களில் ஒன்றைத்தான் வெட்டுகிறது. தசையைத் தளர்த்தும் செய்தி நரம்பிலிருந்து வெளியே வர முடியாமல், தாடை இறுகிவிடுகிறது.

நம்மவர்களில் பலரை வாட்டும் நீரிழிவும் இதே கதைதான். கணையத்தின் பீட்டா உயிரணு ஒவ்வொன்றிலும் இன்சுலின் அடைத்த குமிழிகள் ஏறத்தாழ 10,000 காத்திருக்கின்றன. இரத்தத்தில் சர்க்கரை ஏறியதும் சுண்ணாம்புச் சத்தின் அயனிகள் உயிரணுவுக்குள் பாய, குமிழிகள் சவ்வோடு சேர்ந்து இன்சுலினைக் கொட்டுகின்றன. கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற மாத்திரைகள் இந்தக் கொட்டுதலைத் தூண்டிவிடுகின்றன. சாப்பிடாமல் அவற்றை விழுங்கினால் மயக்கம் வருவது இதனால்தான். சர்க்கரை குறைவாக இருந்தாலும் இன்சுலின் வெளியே வந்துவிடுகிறது.

வெளிவந்த இன்சுலின் தசையைச் சென்றடைந்ததும் அங்கே இன்னொரு குமிழிப் பயணம் தொடங்குகிறது. தசை உயிரணுவுக்குள் சர்க்கரை வாயில்கள் குமிழிகளில் மடக்கி வைக்கப்பட்டிருக்கும். இன்சுலின் செய்தி கிடைத்ததும் அவை மேற்பரப்புக்கு வந்து பொருந்திக்கொள்ள, சர்க்கரை உள்ளே போகிறது. நீரிழிவு நோயாளியின் தசை இச்செய்தியைச் சரியாகக் கேட்பதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் செய்தி இல்லாமலேயே இவ்வாயில்கள் மேலே வருகின்றன. இரவு உணவுக்குப் பின் புளோக்கைச் சுற்றி அரை மணி நேரம் நடப்பவரின் கால் தசையில் நடப்பது இதுதான். நடையை நிறுத்திய சில மணி நேரத்தில் அவ்வாயில்கள் மீண்டும் உள்ளே மடங்கிவிடும். மறுநாள் நடந்தால் மறுபடியும் மேலே வரும்.